நீலம் விழாத தாள்

காவேரிப்பட்டணம் தாண்டி
பண்ணைக்குப் பிரியும் மண்சாலையில்
ஏழே காலுக்கு டவுன் பஸ் இறக்கிவிடும்.
என் வேலை புகையான் வளர்ப்பது.

பாரூர் ஏரிப் பாசனத்தில் இதைச் சொன்னால்
முகத்தையே பார்க்கிறார்கள்.
வட்டம் வட்டமாய்ப் பயிர் கருகி
மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள் அவர்கள்.
"கூலி குடுத்தா வளக்கறாங்க இத?"
ஆமாம். நாள் கூலி.

வலைக்கூண்டு, தொட்டிச்செடி,
கூண்டுக்கு ஒரு தேதிச் சீட்டு.
துணியை விலக்கினால்
தவிட்டைத் தூவினதுபோல்
தண்டின் அடியில் அப்பியிருக்கும்.
விரலால் சுண்டினால் பறக்காது,
தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும்,
கடன்காரன் வந்தால் தூணுக்குப் பின்னால் போகிற மாதிரி.

தட்டில் இருபது வரிசை நெல் விதைப்போம்.
அதில் ஒரு வரிசை சாவதற்கென்றே.
பதிவேட்டில் அதன் பெயர் 'தாங்காத ரகம்'.
அது செத்தால்தான் கணக்கு தொடங்கும்.
அது நிற்கும்வரை
பக்கத்து வரிசையின் பலத்தை எழுதக்கூடாது.
ஒன்று என்றால் வாட்டமில்லை,
ஒன்பது என்றால் முடிந்தது,
இடையில் மூன்று, ஐந்து, ஏழு.
இரட்டை எண் ஏன் இல்லை என்று
பிலோமினா மேடத்தைக் கேட்டேன்.
"அப்படித்தான் திம்மக்கா" என்றார்.

அடுத்தது தாள்.
தண்டடியில் சாயம் தோய்த்து விரித்தால்
பழுத்த பெங்களூரா மாம்பழ நிறம்.
மேலே கவிழ்த்த டம்ளர்,
உள்ளே பட்டினி போட்ட ஐந்து பெண் பூச்சிகள்.
சாறு குடித்தது இனிப்பாய்க் கழியும்,
கழிந்த இடம் நீலமாகும்.
மறுநாள் கட்டத்தாளை மேலே வைத்து
நீலம் எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணுவேன்.

தாங்காத ரகத்தின் அடியில்
இங்க் புட்டி கவிழ்ந்திருக்கும்.
பதினேழாம் வரிசையில்
நாலே நாலு கறை,
அதுவும் வெறும் தண்ணீர் நிறம்.

பூச்சி சும்மா இருந்ததா என்றால், இல்லை.
குத்திய தடம் மற்றதைவிட இதில்தான் அதிகம்.
இறக்கி, உருவி, அரை விரற்கடை தள்ளி
மறுபடி இறக்கி,
சாறு ஓடும் குழாய்வரை போயிருக்கிறது.
போன பிறகு செடி
அந்தக் குழாயை உள்ளிருந்தே அடைத்திருக்கிறது.
முள் கிடையாது.
வெளியே நின்று பார்த்தால்
இரண்டும் ஒரே பச்சை.

பயிற்சிக்கு வந்தவர் ஒருவர்
மனுஷனும் இப்படி இருக்கணும் என்று
ஆரம்பித்தார்.
நான் வாளியைக் கழுவப் போய்விட்டேன்.
பதினேழின் அரிசி சிவப்பு,
மில்லில் பாதி நொறுங்கும்,
மூட்டைக்கு ஒரு வியாபாரியும் விலை சொல்லமாட்டான்.
எங்கள் ஒன்றரை ஏக்கரில் நட்டிருப்பது
பூப்போல் வேகும், அனைவருக்கும் பிடிக்கும்,
புகையானுக்கும்.

ஐப்பசியில் அங்கே வட்டம் விழுந்தது.
கிட்டண்ணன் மூன்றாம் முறை மருந்தடித்தான்.
சிலந்திகள் செத்து மிதந்தன,
பூச்சி கூடியது.
"கூண்டுப் பூச்சி சொகுசு,
வயல் பூச்சி இருந்தால் கொண்டுவா" என்றார் மேடம்.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் துணி கட்டி
போச்சம்பள்ளி பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
பக்கத்து சீட் அம்மா என்னவென்று கேட்டதற்கு
விதை என்றேன்.

நேற்று டம்ளரை எடுத்தேன்.
பதினேழின் தாளில்
கடுகு அளவுக்கு ஒரு நீலம்.
என் ஈரக்கை பட்டதோ என்று
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
இல்லை.
கட்டத்தாளை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன்.
மேடம் போனில் இருந்தார்.
தொட்டப்பன் நாளைய தட்டுக்கு
தாங்காத ரகத்தை ஊறப்போட்டுக்கொண்டிருந்தான்.

பதிவேட்டில் எழுதினேன்:
வரிசை பதினேழு.
பூச்சி: பாரூர் வயல்.
நீலம்: இரண்டு கட்டம்.